டர்போ வண்டிக்கு ஆயில் கேட்ச் கேன்: மாட்டுறதுக்கு முன்னாடி எஞ்சின் மூச்சு விடுற வழியைப் பாருங்க

டர்போ பெட்ரோல் வண்டி வாங்கி கொஞ்ச நாள் ஆனாலே போதும், யாராச்சும் ஒருத்தர் பானெட்டைத் திறந்து பாத்துட்டு "இன்னும் கேட்ச் கேன் மாட்டலையா"ன்னு கேட்டுருவாங்க. கேட்ச் கேன்னா எஞ்சின் விடுற புகையோட கலந்து வர்ற ஆயிலை நடுவுல புடிச்சு வைக்கிற டப்பா. கோயம்புத்தூர்ல இது ரொம்பவே ஜாஸ்தி. செட்டிபாளையம் பக்கம் கரி ஸ்பீட்வே இருக்கு, ஒரு பக்கம் ஊட்டி இன்னொரு பக்கம் வால்பாறைன்னு மலை ரோடு இருக்கு, போலோ வச்சிருக்கிற பசங்கள்ல ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாத்தி பவர் ஏத்துறது) பண்ணாதவங்க கம்மி. அதனால பளபளன்னு நீலக் கலர், சிவப்புக் கலர் அலுமினிய டப்பா இல்லாத பானெட்டைப் பாக்குறதே கஷ்டமாயிருச்சு.

என் வண்டி போலோ ஜிடி டிஎஸ்ஐ. 2013ல இந்தியாவுக்கு வந்த மாடல், 1.2 லிட்டர், 105 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர், 7 ஸ்பீட் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அதுல கேட்ச் கேன் இருக்கு, நல்லாவும் வேலை செய்யுது. நான் கேட்ச் கேனுக்கு எதிரி இல்ல. ஆனா இதை வெறும் ஆயில் புடிக்கிற டப்பான்னு நெனச்சு மாட்டுறவங்களைப் பாத்தா எனக்கு நெசமாவே பயமா இருக்கு. ஏன்னா நாம கை வைக்கிறது எஞ்சினோட மூச்சுக் குழாய்ல. அது சரியா மூச்சு விட்டா தான் மத்ததெல்லாம். அதை அடைச்சு வச்சுட்டு டப்பாவுல எவ்வளவு ஆயில் சேந்தாலும் ஒரு பிரயோஜனமும் இல்ல, டர்போ தான் போகும்.

அடிப்படையில இருந்து வர்றேன். சிலிண்டர் உள்ள வெடிக்கிற பிரஷர் பூராவும் பிஸ்டனைத் தள்ளுறதுக்கே போயிடாது, கொஞ்சம் கேஸ் ரிங் இடுக்குல நழுவி கீழ கிராங்க் ஷாஃப்ட் சுத்துற கிராங்க் கேஸ்ல இறங்கிரும், ஷோரூம்ல இருந்து நேத்து எடுத்த வண்டியிலயும் இறங்கும். பட்டறையில பேக் கம்ப்ரஷன்னு சொல்றது இதைத்தான். டர்போ வண்டியில சிலிண்டர் பிரஷர் ஜாஸ்தி, அதனால இதுவும் ஜாஸ்தி, ரீமேப் போட்டு பூஸ்ட்டை, அதாவது டர்போ காத்தை அமுக்கித் தள்ளுற பிரஷரை, ஏத்தினா இன்னும் ஜாஸ்தி. கீழ இறங்கின கேஸ் சும்மா இருக்காது, கிராங்க் ஷாஃப்ட் சுத்துற வேகத்துல பொடிப்பொடியா செதறுற ஆயில், எரியாத பெட்ரோல், தண்ணி ஆவின்னு எல்லாத்தையும் சேத்துக்கும். இது எங்கயாவது வெளிய போயே ஆகணும். போகலைன்னா உள்ள பிரஷர் ஏறி ஆயில் அளவு பாக்குற டிப்ஸ்டிக்கைத் தூக்கும், டாப்பெட் கவர் கேஸ்கெட்ல கசியும், கடைசியில கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிற கிராங்க் ஆயில் சீலைத் தள்ளிரும். அந்த சீல் பத்து ரூபா சாமானா இருந்தாலும் அதை மாத்த கியர்பாக்ஸை இறக்கணும்.

அந்தக் காலத்துல இதுக்கு ஒரு சுலபமான வழி வச்சிருந்தாங்க, பிரீதர்னு ஒரு பைப்பைப் போட்டு புகையை அப்படியே ரோட்டுல விட்டுட்டாங்க. பழைய லாரி நின்னு போன எடத்துல கருப்பா ஒரு வட்டம் இருக்கும் பாருங்க, அதுல பாதிக்கு மேல பிரீதர் பைப் நுனியில சொட்டினது. அந்தப் புகையைத் திரும்ப எஞ்சினுக்கே குடிக்கக் கொடுக்கிற ஏற்பாடு ரெண்டாம் உலகப் போர் சமயத்துல ராணுவ டாங்கிகளுக்காக வந்தது, ஆழமான தண்ணியில இறங்கும்போது திறந்த பைப் வழியா தண்ணி உள்ள போயிரக் கூடாதுன்னு. அப்புறம் 1960கள் தொடக்கத்துல கலிஃபோர்னியாவுல காத்து மாசுபடுதுன்னு கார்களுக்கும் கட்டாயமாக்கினாங்க. அது தான் பிசிவி, பாசிட்டிவ் கிராங்க் கேஸ் வென்டிலேஷன். இன்னிக்கு வர்ற பெட்ரோல், டீசல் கார் எல்லாத்துலயும் இருக்கு.

சாதா எஞ்சின்ல பிசிவி வேலை எளிமை, சிலிண்டருக்குக் காத்தைப் பிரிச்சு விடுற இன்டேக் மேனிஃபோல்டுல பெரும்பாலும் வேக்குவம் (உறிஞ்சல்) இருக்கும், அது கிராங்க் கேஸ் புகையை இழுத்துக்கும். டர்போல தான் விஷயம் சுவாரஸ்யமாகுது, ஏன்னா பூஸ்ட் வந்துட்டா மேனிஃபோல்டு உள்ள வேக்குவம் கிடையாது, அங்க தள்ளுற பிரஷர் இருக்கு. அந்த வழி திறந்தே இருந்தா பூஸ்ட் நேரா கிராங்க் கேஸ்ல இறங்கிரும். அதனால அங்க ஒரு ஒன்வே வால்வு இருக்கும், பூஸ்ட் வந்ததும் மூடிக்கும். அப்ப புகை எங்க போகும்? ரெண்டாவது ஒரு வழி இருக்கு, டர்போ காத்தை உறிஞ்சுற வாய்ப் பக்கம், ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவுல. அங்க எப்பவும் லேசான உறிஞ்சல் இருக்கும், ஃபுல் பூஸ்ட்ல அது கூடும்.

வால்பாறை போற ரோட்டை வச்சு யோசிச்சா இது பளிச்சுன்னு புரியும். ஆழியார் தாண்டி 40 ஹேர்பின் ஏறும்போது ஒவ்வொரு வளைவுல இருந்து வெளிய வரும்போதும் ஆக்சிலேட்டர் மிதிபடும், பூஸ்ட் வரும், புகை டர்போ வாய் வழியா போகும், அங்க இருந்து காத்தை அமுக்குற கம்ப்ரஸர், அதைக் குளிர வைக்கிற இன்டர்கூலர்னு எல்லாத்து மேலயும் ஆயில் பூசிட்டே போகும். இறங்கும்போது நேர் எதிர். கால் ஆக்சிலேட்டர்ல இருக்காது, கியர்ல புடிச்சு இறங்குவோம், காத்தை உள்ள விடுற த்ராட்டில் மூடி இருக்கும், எஞ்சின் 3000 ஆர்பிஎம்ல சுத்திட்டிருக்கும். அந்த நேரத்துல மேனிஃபோல்டுல வேக்குவம் பயங்கரமா இருக்கும், ஐடில்ல இருக்கிறதை விடவே ஜாஸ்தி, அது பிசிவி வழியா ஆயில் ஆவியை இழுத்து நேரா இன்டேக் வால்வு மேல கொண்டு போய் விடும். நிறைய பேர் ஏத்தத்துல தான் வண்டி ஆயில் குடிக்கும்னு நெனைக்கிறாங்க, எறக்கத்துலயும் குடிக்கும்.

இதுல இருந்து ஒரு விஷயம் தெளிவாகுது. ஒரே ஒரு ஹோஸ்ல மட்டும் டப்பாவை மாட்டினா பாதி வழியைத்தான் கவனிக்கிறோம். டர்போ வாய்ப் பக்கம் மட்டும் மாட்டினா இன்டர்கூலர் சுத்தமா இருக்கும், வால்வு மேல கரி படியிறது அப்படியே தொடரும். மேனிஃபோல்டு பக்கம் மட்டும் மாட்டினா ட்ராஃபிக்ல ஓட்டுற வண்டிக்கு ஓகே, பூஸ்ட்ல ஓட்டுற வண்டிக்கு அது பத்தாது. ரெண்டு டப்பா போடலாம், இல்லைன்னா ரெண்டு அவுட்லெட்லயும் ஒன்வே வால்வு வச்ச ஒரே டப்பா போடலாம். அந்த வால்வுல அம்புக்குறி இருக்கும், அதைத் திருப்பி மாட்டினா என்ன ஆகும்னு மேல படிச்சதை வச்சே யோசிச்சுக்குங்க, பூஸ்ட் முழுக்க கிராங்க் கேஸ்ல தான் இறங்கும்.

சரி, வால்வு மேல கரி படியிறதுல அப்படி என்ன? பழைய எம்பிஎஃப்ஐ எஞ்சின்ல பெட்ரோலை இன்டேக் வால்வுக்குப் பின்னாடி அடிப்பாங்க, அந்த பெட்ரோலே வால்வைக் கழுவிட்டே இருக்கும். டைரக்ட் இன்ஜெக்‌ஷன்ல பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ள போயிரும், வால்வுக்கு ஒரு சொட்டு படாது. வர்றது காத்தும் ஆயில் ஆவியும் மட்டும், சூடான வால்வு மேல அது பட்டு காஞ்சு கெட்டியான கரியா படியும். வருஷக்கணக்குல ஓடின டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சினோட இன்டேக்கைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பாத்திருக்கீங்களா, வால்வு தண்டு தெரியாத அளவுக்கு கருப்பா மொந்தை மொந்தையா இருக்கும். அதை எடுக்க வால்நட் ஓட்டைப் பொடி பண்ணி காத்துல அடிச்சு சுத்தம் பண்ணுவாங்க, அது ஒரு நாள் வேலை.

இங்க தான் நான் பசங்க கிட்ட மொதல்ல கேக்குறது, உங்க வண்டி எந்த இன்ஜெக்‌ஷன்? டாடா நெக்ஸான் 1.2 டர்போ பெட்ரோல் எம்பிஎஃப்ஐ. அதுக்கு வால்வு கரின்னு சொல்லி கேட்ச் கேன் விக்கிறவங்க கிட்ட வாங்கவே வாங்காதீங்க. ஹூண்டாய் 1.0 டர்போ ஜிடிஐ, வென்யூ, ஐ20ல வர்றது, டைரக்ட் இன்ஜெக்‌ஷன். மறைமலைநகர்ல செஞ்ச எக்கோஸ்போர்ட் ஈக்கோபூஸ்ட், மாருதி ஃப்ரான்க்ஸ்ல வர்ற பூஸ்டர்ஜெட், மஹிந்திரா எம்ஸ்டாலியன் 2.0, ஃபோக்ஸ்வேகன் ஸ்கோடாவோட 1.0, 1.5 டிஎஸ்ஐ எல்லாம் டைரக்ட் இன்ஜெக்‌ஷன். இதுங்களுக்கு கேட்ச் கேன் பத்தி யோசிக்கிறதுல அர்த்தம் இருக்கு. வாரன்டியில இருக்கிற வண்டின்னா யோசிக்கிறதோட நிறுத்திக்குங்க.

யோசிச்சாச்சு, மாட்டலாம்னு முடிவு. அப்பவும் டப்பா வாங்க ஓடாதீங்க. கணபதியில எனக்குத் தெரிஞ்ச ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்காரு, கேட்ச் கேனை எடுத்துட்டு யார் போனாலும் அவர் கேக்குற மொதல் கேள்வி ஒண்ணு தான். "தம்பி, டப்பாவை அப்புறம் மாட்டிக்கலாம், ஆயில் எவ்வளவு ஊத்திருக்குன்னு பாத்தியா?" டிப்ஸ்டிக்ல மேல் கோட்டைத் தாண்டி ஆயில் நிக்கிற வண்டி எத்தனையோ வருது, சர்வீஸ்ல ஆயில் கேன் காலியாகுற வரைக்கும் ஊத்தி விட்டுருவாங்க. ஆயில் ஜாஸ்தியானா கிராங்க் அதை அடிச்சு நுரையாக்கும், பிரீதர்ல வர்ற ஆயிலும் ஜாஸ்தியாகும். அந்த வண்டிக்கு வேண்டியது ஆயிலைக் கொஞ்சம் இறக்குறது, வேற ஒண்ணும் இல்ல.

அடுத்தது என்ன ஆயில்ங்கிறது. ஆயில் சூட்டுல எவ்வளவு ஆவியாகும்னு அளக்க நோவாக்னு ஒரு டெஸ்ட் இருக்கு, 250 டிகிரியில ஒரு மணி நேரம் வச்சு எத்தனை சதவீதம் எடை குறையுதுன்னு பாப்பாங்க. ஐஎல்எஸ்ஏசி ஜிஎஃப்-5 தரத்துக்கு 15 சதவீதம் வரைக்கும் ஓகே, ஏசிஇஏ சி3 தரத்துக்கு 13க்கு மேல போகக் கூடாது. நல்ல சிந்தெடிக் அதுக்கும் கீழயே நிக்கும். ஆயில் கம்பெனி வெளியிடுற டேட்டா ஷீட்ல பல சமயம் இந்த நம்பர் இருக்கும், கடையில வெலையைப் பாக்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. ஆவியே கம்மியா வர்ற ஆயிலைப் போட்டா டப்பாவோட வேலையில ஒரு பங்கு அங்கயே முடிஞ்சிரும், எந்த ஹோஸையும் வெட்டாம.

மூணாவது தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச டெஸ்ட், ஏன்னா இதுக்கு எந்த மெஷினும் வேண்டாம். கட்டட வேலையில மட்டம் பாக்க கொத்தனார் வச்சிருப்பாரே, அந்த உள்ள தெரியிற ட்யூப், அதுல ஒரு ரெண்டு மீட்டர் இருந்தா போதும். அதை யூ மாதிரி வளைச்சு ஒரு பலகையில கட்டி, பாதிக்கு தண்ணி ஊத்தி, கண்ணுக்குத் தெரிய கொஞ்சம் இங்க் கலந்துக்கணும். டிப்ஸ்டிக்கை உருவிட்டு அந்த ஓட்டையில ரப்பர் கார்க் வச்சு ட்யூப்போட ஒரு முனையைச் சொருகணும், இன்னொரு முனை திறந்தே இருக்கணும். பலகையை எஞ்சினை விட உயரமா வைக்காதீங்க, ட்யூபோட கை ரெண்டும் நீளமா இருக்கட்டும், பக்கத்துல ஒருத்தர் ட்யூபைக் கிள்ளிப் புடிக்க ரெடியா நிக்கட்டும், பிசிவி வால்வுல இருக்கிற ரப்பர் சவ்வு, அதாவது டயஃப்ரம், கிழிஞ்ச வண்டியா இருந்தா வேக்குவம் தண்ணியையே உள்ள இழுத்துரும்.

ஸ்டார்ட் பண்ணி ஐடில்ல விட்டா, நல்ல எஞ்சின்ல எஞ்சின் பக்கத்துத் தண்ணி மெல்ல மேல ஏறி லேசா துடிச்சுட்டு நிக்கும். அதாவது கிராங்க் கேஸ்ல கொஞ்சம் வேக்குவம் இருக்கு, பிசிவி வேலை செய்யுது. ரெண்டு பக்கத்துக்கும் 10 சென்டிமீட்டர் வித்தியாசம்னா ஏறக்குறைய 10 மில்லிபார். தண்ணி எதிர்ப்பக்கமா, வெளி முனைப் பக்கம் தள்ளப்பட்டா உள்ள பிரஷர் நிக்குதுன்னு அர்த்தம். ஒண்ணு வழி அடைச்சிருக்கு, இல்லைன்னா ரிங் போயிருக்கு. அந்த எஞ்சினுக்கு கேட்ச் கேன் மருந்து கிடையாது, கம்ப்ரஷன் டெஸ்ட், லீக் டவுன் டெஸ்ட் எடுத்து வேலை பாக்கணும். ஐடில்ல விசில் மாதிரி சத்தம் வந்து, ஆயில் மூடியைத் திறக்கவே கஷ்டமா இழுத்துப் புடிச்சா டயஃப்ரம் கிழிஞ்சிருக்க வாய்ப்பு ஜாஸ்தி.

இந்த ட்யூப் டெஸ்ட்டோட அருமை மாட்டினதுக்கு அப்புறம் தான் தெரியும். கேன் மாட்டுறதுக்கு முன்னாடி தண்ணி எங்க நின்னுச்சுன்னு பலகையில ஒரு கோடு போட்டு வச்சுக்கணும், மாட்டினதும் அதே மாதிரி பாக்கணும். கோடு பெருசா மாறாம இருந்தா எஞ்சின் முன்ன மாதிரியே மூச்சு விடுது. வேக்குவம் செத்துப் போச்சுன்னா அந்த கேன் எவ்வளவு வெலை குடுத்து வாங்கினதா இருந்தாலும் கழட்டிருங்க. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா டர்போவுக்காக. சின்ன டர்போ நிமிஷத்துக்கு 2,00,000 தடவைக்கு மேல சுத்தும், அதுக்குப் போற ஆயில் பிரஷர்ல போனாலும் திரும்பி வர்றது தானா வடிஞ்சு எஞ்சின் அடியில ஆயில் நிக்கிற சம்ப்புக்கு வர்றது தான், எந்த பம்ப்பும் இழுக்காது. சம்ப் உள்ள பிரஷர் இருந்தா அந்த ஆயில் வடியாம டர்போவுலயே தேங்கும். டர்போவுல இருக்கிறது ரப்பர் சீல் இல்ல, பிஸ்டன் ரிங் மாதிரி மெல்லிசான உலோக வளையம், ரெண்டு பக்கப் பிரஷரும் சரியா இருந்தா மட்டும் தான் அது ஆயிலைத் தடுக்கும். தேங்கின ஆயில் அதைத் தாண்டி இன்டேக்லயும் சைலன்ஸர்லயும் போயிரும், பின்னாடி நீலப் புகை. ஆயில் வராம இருக்க மாட்டின டப்பாவே ஆயிலை வர வச்சுரும்.

ஆன்லைன்ல மலிவா கிடைக்கிற ஒரு டப்பாவை லேத் பட்டறையில குடுத்து நெடுக்க அறுத்துப் பாத்தோம். வெளிய நல்ல பாலிஷ், ரெண்டு நாசில், பக்கத்துல ஆயில் அளவு தெரிய சின்ன ட்யூப். உள்ள ஒண்ணுமே இல்ல. வெறும் காலி டப்பா. ரெண்டு நாசிலும் மேல ஒண்ணுக்கொண்ணு பக்கத்துலயே இருக்கு, உள்ள வர்ற புகை அப்படியே திரும்பி அடுத்த ஓட்டை வழியா போயிரும், எதுலயும் மோதாது. நாசில் ஓட்டை சுண்டு விரல் கூட நுழையாத அளவுக்கு, எஞ்சின்ல இருந்து வர்ற ஹோஸோ அதை விட ரொம்பப் பெருசு. ஆயிலையும் புடிக்காது, மூச்சையும் நெருக்கும். ஓரத்துல அறுபட்ட அலுமினியத் தூள் வேற உள்பக்கம் ஒட்டியிருந்தது, அது இன்டேக்குக்குள்ள போனா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல.

நல்ல கேன் எப்படி வேலை செய்யுதுன்னா, கொதிக்கிற குழம்பை மூடி வச்சா மூடியோட உள்பக்கம் ஆவி பட்டு சொட்டு சொட்டா நிக்குமே, அதே கதை தான். ஆவி எதுலயாவது மோதணும், வேகம் கொறையணும், சூடு கொறையணும். அதனால உள்ள வர்ற குழாய் கீழ வரைக்கும் இறங்கணும், நடுவுல தடுப்புத் தகடு இருக்கணும், ஸ்டீல் கம்பி வலையோ சின்டர்டு ஃபில்டரோ இருக்கணும், சின்னச் சின்னத் துளியெல்லாம் அதுல ஒட்டி ஒண்ணு சேந்து பெரிய சொட்டாகி கீழ விழும். கீழ விழுந்த ஆயிலைத் திரும்ப காத்து தூக்கிட்டுப் போகாம இருக்க இன்னொரு தகடு. பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நாரைத் திணிச்சு வச்சிருக்கிற டப்பாவையும் பாத்திருக்கேன், அது துண்டு துண்டா உதிரும், எஞ்சின் பக்கம் போற குழாய்ல அதை வைக்கவே கூடாது.

அடுத்து ஹோஸ், கேனை விட இதுல தான் ஜாஸ்தி பேர் மாட்டிக்கிறாங்க. ஸ்பேர்ஸ் கடையில ஹோஸ் கேட்டா பல சமயம் ரேடியேட்டர் ஹோஸ் தான் எடுத்துக் குடுப்பாங்க. அது ஈபிடிஎம் ரப்பர், தண்ணிக்கு அருமையானது, ஆயில் பட்டா ஊறி உப்பிரும். கொஞ்ச மாசத்துல உள்பக்கம் வீங்கி ஓட்டை சிறுசாயிரும், வெளிய இருந்து பாத்தா தெரியவே தெரியாது. கலர் கலரா வர்ற சாதா சிலிக்கான் ஹோஸும் ஆயிலுக்கு ஆகாது, வெளிய வேர்த்து பிசுபிசுன்னு ஆகும், உள்ள ஃப்ளூரோ லைனிங் இருக்கிறது வேணும். ஆயில் தாங்குற நைட்ரைல் ஹோஸ்னு கேட்டு வாங்குங்க, சூடு ஜாஸ்தி இருக்கிற எடத்துல வைட்டான். உள் விட்டம் கம்பெனி ஹோஸுக்குக் கம்மியா இருக்கவே கூடாது, பெருசா இருந்தா பரவாயில்ல. மேனிஃபோல்டு பக்கம் போறது வேக்குவம்ல சப்பையாகாத அளவுக்கு தடிமனா இருக்கணும்.

மாட்டுற எடம் டர்போவுக்கும் சைலன்ஸர் மேனிஃபோல்டுக்கும் தள்ளி, காத்து படுற பக்கமா. கேன் எவ்வளவு கூலா இருக்கோ அவ்வளவு ஆவி சொட்டாகும். ஆனா கூலான எடம் வேணும்னு சொல்லி பம்பர் வரைக்கும் ஹோஸை இழுத்துட்டுப் போகாதீங்க, நீளம் கூடக் கூட மூச்சு நெருங்கும். ஹோஸ் நடுவுல தொங்கக் கூடாது. தொங்கின எடத்துல ஆயிலும் தண்ணியும் தேங்கி ஒரு அடைப்பாவே ஆயிரும், அதனால எஞ்சின்ல இருந்து கேன் வரைக்கும் ஒரே சரிவு. ஷேக் ஆகாம பிராக்கெட் போட்டு ரெண்டு போல்ட்ல புடிக்கணும், ஒத்தை போல்ட்ல தொங்க விட்ட கேன் ஆடி ஆடி ஹோஸ் வாயைக் கிழிச்சிரும், மேனிஃபோல்டு பக்கம் கிழிஞ்சா அளக்காத காத்து உள்ள போய் மிக்ஸர் லீன் ஆகி (காத்துக்கு ஏத்த பெட்ரோல் இல்லாம) செக் எஞ்சின் லைட் எரியும். சில எஞ்சின்ல பிசிவி வழியெல்லாம் ஹெட்டுக்குள்ளயும் டாப்பெட் கவர்க்குள்ளயும் போகும், வெளிய வெட்டி மாட்ட ஹோஸே இருக்காது. அதுக்கு அந்த எஞ்சினுக்குன்னே செஞ்ச அடாப்டர் பிளேட் வேணும், கிடைக்கலைன்னா விட்டுருங்க, டாப்பெட் கவர்ல ட்ரில் போடுறதுன்னு யாராச்சும் சொன்னா வண்டியை எடுத்துட்டு வந்துருங்க.

சின்ன ஃபில்டர் ஒண்ணை மேல வச்சு புகையை வெளியவே விடுற டைப் கேனும் இருக்கு. ரேஸ் வண்டியில அது வேற கதை. உலக மோட்டார் ரேஸ் அமைப்பான எஃப்ஐஏவோட ரூல்லயே இருக்கு, பிரீதர் வெளிய திறந்திருக்கிற வண்டிக்கு ஆயில் கேட்ச் டேங்க் கட்டாயம், 2000 சிசி வரைக்கும் 2 லிட்டர், அதுக்கு மேல 3 லிட்டர், உள்ள இருக்கிறது வெளிய தெரியணும். டிராக்ல ஒரு சொட்டு ஆயில் விழுந்தா பின்னாடி வர்றவன் செவுத்துல போவான், கேட்ச் டேங்க் பொறந்ததே அதுக்காகத்தான். ரோட்டு வண்டிக்கு இந்த டைப் வேண்டாங்க. பிஎஸ்6 அப்ரூவல்ல கிராங்க் கேஸ் புகை வெளிய வரக்கூடாதுன்னு தனி டெஸ்டே இருக்கு. போலியூஷன் செக்ல சைலன்ஸரை மட்டும் பாக்குறதால சர்டிஃபிகேட் கிடைச்சிரும், ஆனா அந்தப் புகை சிக்னல்ல நிக்கும்போது ஏசி வழியா உங்க வீட்டுக் குழந்தை மூக்குக்குத் தான் வரும். உறிஞ்சலும் போயிருச்சு, புகை தன்னால தள்ளிட்டு வெளிய வரணும், அதனால ஆயில் சீக்கிரம் அழுக்காகும். எப்பவும் மூடின டைப், புகை திரும்ப இன்டேக்குக்கே போற டைப் தான்.

ஆல்டோவுல இருந்து டர்போவுக்கு வந்தவங்க மொதல் தடவை கேனைத் திறந்ததும் பதறிப் போயிடறாங்க, "அண்ணா, தண்ணி வருதுண்ணா, ஹெட் கேஸ்கெட் போச்சுங்களா?"ன்னு. கேன்ல சேர்றது சுத்தமான ஆயில் இல்ல. தண்ணி, பெட்ரோல், ஆயில் மூணும் கலந்தது. தினமும் ஆபீஸுக்கு மூணு கிலோமீட்டர் மட்டும் ஓடுற வண்டியில எஞ்சின் முழு சூடே ஆகாது, தண்ணி ஆவி வெளிய போகாம வெள்ளையா குழகுழன்னு நிக்கும். ஊட்டியில டிசம்பர் ஜனவரியில இது இன்னும் ஜாஸ்தி. கூலன்ட் லெவல் கொறையலைன்னா பயப்பட ஒண்ணும் இல்ல. ஹைவேயில நல்லா ஓடின வண்டியில கருப்பா, பெட்ரோல் வாசத்தோட வரும். நம்ம ஊர்ல பனிக்கட்டியா உறைஞ்சு அடைக்கிற பிரச்சனை கிடையாது, ரொம்ப குளிர்ற நாட்டுல கேன்ல சேந்த தண்ணி உறைஞ்சு எஞ்சின் சீலையே தள்ளியிருக்கு, அங்க குளிர்காலம் வர்றதுக்கு முன்னாடியே கேனைக் கழட்டி வைக்கிறவங்க இருக்காங்க.

எப்ப காலி பண்ணணும்? பாதி நெறையறதுக்குள்ள. நெறஞ்ச கேன் ரொம்ப மோசம், மலை ரோட்ல ஒரு வளைவுல சாஞ்சா மொத்தத்தையும் ஒரே மடக்குல இன்டேக்குக்குள்ள ஊத்திரும். மாட்டின புதுசுல அடிக்கடி திறந்து பாருங்க, உங்க வண்டி எவ்வளவு விடுதுன்னு ஒரு கணக்கு கிடைச்சிரும். அதுக்கப்புறம் அந்தக் கணக்கு திடீர்னு ஏறினா அது எஞ்சின் சொல்ற சேதி, ரிங்கையும் டர்போவையும் பாருங்க. எனக்கு கேனோட பெரிய லாபமே இது தான்னு தோணும், உள்ள என்ன நடக்குதுன்னு கண்ணால பாக்க ஒரு ஜன்னல் கிடைக்குது. வடிச்சதை டாப்பெட் மூடி வழியா திரும்ப ஊத்துறவங்க இருக்காங்க, ஆயில் வீணாகுதேன்னு. பெட்ரோலும் தண்ணியும் ஆசிடும் கலந்ததைத் திரும்ப பேரிங்குக்குக் குடுக்காதீங்க. சாக்கடையிலயும் ஊத்தாதீங்க, பட்டறையில வேஸ்ட் ஆயில் டிரம் இருக்கும், அதுல சேத்துருங்க, பன்யன் வேஸ்ட்ல கேன் வாயைத் துடைச்சு ஓ-ரிங் ஒழுங்கா உக்காந்திருக்கான்னு பாத்து மூடுங்க.

டீசல்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. டீசல்ல வால்வு கழுவுற பேச்சே இல்ல, ஆனா சைலன்ஸர் புகையில கொஞ்சத்தைத் திரும்ப உள்ள விடுற ஈஜிஆர் வழியா வர்ற கரியும் பிரீதர் வழியா வர்ற ஆயிலும் இன்டேக் மேனிஃபோல்டுல சந்திச்சு தார் மாதிரி ஆயிரும். ஆஸ்திரேலியாவுல ஹைலக்ஸ், லேண்ட் க்ரூஸர் வச்சிருக்கிறவங்க மான் ஹம்மல் ப்ரோவென்ட் 200ஐ அதுக்குத் தான் மாட்டுறாங்க. அதுல ஃபில்டர் அடைச்சா பிரஷரை வெளிய விட ரிலீஃப் வால்வே வச்சிருக்காங்க, செஞ்சவங்க மூச்சைப் பத்தி யோசிச்சிருக்காங்கன்னு அதுலயே தெரியுது. ஃபில்டரைக் காலத்துக்கு மாத்தணும், அது மறந்தா எல்லாம் வீண்.

கேன் மாட்டிட்டா வால்வுல கரியே வராதுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. வால்வு தண்டு சீல் வழியா இறங்குற ஆயில், திரும்பி வர்ற எக்ஸாஸ்ட் கேஸ் இதெல்லாம் கேன் பக்கமே வர்றதில்ல. படியிற வேகம் கொறையும், இன்டர்கூலர் சுத்தமா இருக்கும், நாக்கிங் (சிலிண்டர்ல பெட்ரோல் தாறுமாறா வெடிக்கிறது) வாய்ப்பு கொஞ்சம் கம்மியாகும், அவ்வளவு தான். மைலேஜ் ஏறும் பவர் ஏறும்ங்கிறதெல்லாம் விளம்பரம். லோ ஸ்பீட் ப்ரீ இக்னிஷன்னு, கம்மி ஆர்பிஎம்ல பெட்ரோல் முன்கூட்டியே பத்திக்கிட்டு சின்ன டர்போ எஞ்சின்ல பிஸ்டனையே உடைக்கிற ஒரு பிரச்சனை இருக்கு, அதுக்கு கேனை விட சரியான ஆயில் தான் பெரிய காவல், 2020ல வந்த ஏபிஐ எஸ்பி தரத்துல அதுக்குன்னே டெஸ்ட் இருக்கு, 6வது கியர்ல 1500 ஆர்பிஎம்ல ஆக்சிலேட்டரை முழுசா மிதிக்காம இருக்கிறதும் முக்கியம்.

கடைசியா ஒரு வேலை, மாட்டுற அன்னிக்கே செஞ்சிருங்க. கழட்டின கம்பெனி ஹோஸ், கிளிப் எல்லாத்தையும் தூக்கிப் போடாம சுத்தமா துடைச்சு ஒரு கவர்ல போட்டு டிக்கியில ஸ்டெப்னி பக்கத்துல வச்சிருங்க, அதை வெட்டாம தனி ஹோஸ் வாங்கி மாட்டுங்க. நடு ரோட்ல கேனோட பிராக்கெட் உடைஞ்சாலோ, ஹோஸ் கிழிஞ்சாலோ, ஒரு ஸ்க்ரூ டிரைவரும் பத்து நிமிஷமும் இருந்தா வண்டி பழையபடி கம்பெனி செட்டப்புக்கு வந்து வீடு வந்து சேந்துரும்.